நூற்றுப் பதினேழு கடுகு

நிலைப்படியில் ஏழு ஆணிகள் இருந்தன. போன மாதம் வந்தபோது மூன்றுதான். புதிய நான்கும் இன்னும் துருப்பிடிக்கவில்லை. எல்லாமே பாதிதான் இறங்கியிருந்தன. காலை உயர்த்தித் தாண்டினால்தான் உள்ளே போகலாம்.

"அங்கேயே நில்லு," என்றாள் இரத்தினம்மா.

நின்றேன். அவள் என் அக்காவின் நாத்தனார். அக்கா சர்மிளா செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்போது வயிற்றில் ஏழு மாதம். இரண்டு பேரையும் ஒரே பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள்.

"மதினி, மச்சான் வரச் சொன்னாங்க. லதுவக் கூட்டிட்டுப் போக."

"எவன் சொன்னான்?"

"மச்சான்தான். வியாழக்கிழம போன்ல."

"போன்ல அவன் ஆயிரம் சொல்லுவான். இங்க வந்து சொல்லச் சொல்லு."

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. ஆனால் அக்காவின் கணவர் நிரோஷன் மச்சான் வெளியே வரவில்லை.

கண்டியிலிருந்து பன்வில வழியாக மடுல்கெல்ல வரும் பஸ்ஸில் அந்த ஒரு வாக்கியத்தைப் பதினைந்து தடவையாவது சொல்லிப் பார்த்திருந்தேன். அதைச் சொல்லியாகிவிட்டது. அடுத்த வாக்கியம் என்னிடம் இல்லை.

எனக்கும் அக்காவுக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். ஒரே முகம். கல்யாணமான புதிதில் மச்சான் பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த என்னை அக்கா என்று நினைத்துக் கூப்பிட்டிருக்கிறார். அன்று இந்த லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சிரித்தன. இன்று நான் படியேறி வந்தபோது பெண்கள் தங்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

பிள்ளைத்தாச்சியாகச் செத்தவள் சும்மா போகமாட்டாள் என்பது இந்தத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காட்டேரியாகத் திரும்பி வருவாள். வயிற்றில் போன பிள்ளைக்குப் பதிலாக விட்டுவிட்டுப் போன பிள்ளையைத் தேடி வந்து ரத்தம் குடிப்பாள். அவள் வராமலிருக்க இரும்பு வேண்டும். நிலைப்படியில் ஆணி, தலையணைக்கு அடியில் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி. பிள்ளையின் கழுத்தில் வெள்ளைப்பூடும் வசம்பும். வேப்பிலையும் வேண்டும், ஆனால் இந்தக் குளிரில் வேம்பு முளைக்காது, மாத்தளையிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும்.

எல்லாவற்றிலும் நம்பிக்கையானது கடுகு. அடக்கம் முடிந்து திரும்பும்போது குழியிலிருந்து வீடு வரை கடுகைத் தூவிக்கொண்டே வருவார்கள். செத்தவள் அந்த வழியாகத்தான் வரவேண்டும். வழியில் கிடக்கும் கடுகை ஒவ்வொன்றாக எண்ணிப் பொறுக்காமல் அவளால் அடுத்த அடி வைக்க முடியாது. எண்ணி முடிப்பதற்குள் விடிந்துவிடும். மறுநாள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

அக்காவுக்கு இரண்டு கிலோ வாங்கினார்கள். சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. இரத்தினம்மா போனாள். கடுகு தூவுகிற வேலையை ஆம்பளைகளை நம்பி விடமுடியாது என்றாள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். பேராதனையில் நான்கு வருடம் விஞ்ஞானம் படித்தவள் நான். சொல்வதற்கு நிறைய இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

அடக்கத்துக்கு முந்திய நாள் பகல் ஒரு மணி ஐந்துக்கு அக்கா எனக்கு போன் எடுத்திருந்தாள்.

நான் கண்டியில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். வருகிறவர்களிடம் ரத்தம் எடுப்பேன். அதில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து, வெள்ளை அணுக்களை எண்ணுவேன். நூறு எண்ண வேண்டும். இடது கையில் எண்ணுவதற்கு ஒரு சின்னக் கருவி இருக்கும். அணு ஒன்றுக்குக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. போன் மேசையில் அதிர்ந்தபோது அறுபதில் இருந்தேன். நூறு முடியட்டும் என்று நினைத்தேன். முடித்துவிட்டுக் கூப்பிட்டபோது அவள் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி அட்டையில் அவளைச் சேர்த்த நேரம் ஐந்து பத்து என்று எழுதியிருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கதவோரத்தில் அக்காவின் மகள் லதுஷா தெரிந்தாள். ஐந்து வயது. ஜனவரியில் பள்ளிக்கூடம் போகவேண்டியவள். கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் பூடு, வசம்பு, ஒரு பெரிய ஊக்கு. கையில் இரும்பு வளையல். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள்.

"அத்த, அது சப்பாத்து போட்டிருக்கு."

"கழட்டச் சொல்லு."

கழற்றினேன். காலையில் பெய்த மழையில் தரை சேறாக இருந்தது. லதுஷா கதவைப் பிடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு காலும் தரையில படுது அத்த."

"பகல்ல படும்," என்றாள் இரத்தினம்மா.

அடுத்த வீட்டுக் காம்பரா கணேஸ் அண்ணன் தன் இஸ்தோப்புத் திண்ணையில் பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில். "இது என்னாக்கா, பேயி மடுல்கெல்ல பஸ்ல வருமா? ஏம்மா தங்கச்சி, சீட்டு கெடச்சிச்சா, நின்னுக்கிட்டேதான் வந்தியா?"

யாரோ சிரித்தார்கள்.

"நல்லா சிரி கணேசு. ஒன் வீட்டு வாசல்ல வந்து நிக்கும்போதும் இதே மாதிரி சிரி."

கணேஸ் அண்ணன் கோப்பையை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"கண்டியில என்னா வேல பாக்குற?" என்று இரத்தினம்மா என்னைக் கேட்டாள். அவளுக்குத் தெரியும். லயத்துக்குக் கேட்கவேண்டும் என்று கேட்டாள்.

"லெப்ல, மதினி."

"லெப்ல என்னா செய்வ?"

"ரத்தம் டெஸ்ட் பண்றது."

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? ஊசியால குத்தி ரத்தத்த உறிஞ்சி எடுக்குறாளாம். அதுக்குச் சம்பளமும் வாங்குறாளாம். இவகிட்டப் பிள்ளையத் தூக்கிக் குடுக்கணுமாம்."

"அப்பிடி இல்ல மதினி..."

"எப்பிடி? போன மாசம் நீ வந்துட்டுப் போன, அன்னைக்கே பிள்ளைக்குக் காய்ச்சல். தெரியுமா ஒனக்கு?"

"வைரஸ் காய்ச்சலா இருக்கும். இப்ப எல்லா இடத்துலயும்..."

"வாய மூடு. நாலு நாள் மடியில போட்டுக்கிட்டு முழிச்சிருந்தவ நானு. ஒன் வைரசா வந்து ஒத்தடம் குடுத்திச்சு? பிள்ள தூங்க மாட்டேங்குது. அம்மா வர்றா, அம்மா வர்றான்னு அலறுது. கத்தி கையில இருந்தாத்தான் கண்ண மூடுது. அது என்னாத்தக் கண்டிச்சோ."

அது எதையும் கண்டிருக்காது. சொல்லிக் கொடுத்ததைத்தான் கண்டிருக்கும். அதற்காகத்தான் நான் வந்தேன். தன் அம்மா தன் ரத்தத்தைக் குடிக்க வருவாள் என்று நம்பிக்கொண்டு ஒரு பிள்ளை வளரக்கூடாது. கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில், என்னோடு வேலை செய்யும் ஸுமைராவின் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். "கூட்டிட்டு வாங்க, பகலைக்கி உம்மா பாத்துக்குவாங்க, ஊட்டுலதானே ஈக்கிறாங்க" என்று ஸுமைரா சொல்லியிருந்தாள். பக்கத்திலேயே பள்ளிக்கூடம். அக்காவின் படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தேன், அவள் சிரிக்கிற படம். இதையெல்லாம் இரத்தினம்மாவிடம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

"ஒரு ரூம் இருக்கு மதினி," என்றேன்.

"ரூமு," என்றாள் அவள். எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பால்மா டின் இருந்தது.

"இப்பத் தெரிஞ்சிரும்."

டின்னைக் கவிழ்த்து வீசினாள். எனக்கும் நிலைப்படிக்கும் நடுவில் கடுகு சிதறி விழுந்தது. சில என் பாதத்தில் பட்டன.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது தெரியும். கடுகை மிதித்துக்கொண்டு நேராக நடந்து, ஆணிகளைத் தாண்டி உள்ளே போயிருக்க வேண்டும். அதோடு எல்லாம் முடிந்திருக்கும். கணேஸ் அண்ணன் இன்னொரு பகிடி விட்டிருப்பார்.

ஆனால் லயத்துக் காம்பராக்கள் எல்லாவற்றிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்திருந்தார்கள். இருபது பேராவது இருக்கும். பலர் பார்க்கும்போது எனக்கு நிமிர்ந்து நிற்க வராது. கைக்கு ஏதாவது வேலை வேண்டும். பள்ளிக்கூடத்தில் என்னை எழுப்பிக் கேள்வி கேட்டால் கீழே கிடக்கும் சோக்குத் துண்டுகளைப் பொறுக்குவேன். ஆய்வுகூடத்தில் யார் கையிலிருந்து எது சிந்தினாலும் முதலில் குனிகிறவள் நான்தான். எனவே குனிந்தேன்.

ஈர மண்ணில் கடுகு ஒட்டிக்கொள்ளும். நகத்தால் கிளப்பி உள்ளங்கையில் போடவேண்டும். ஒன்று. இரண்டு. மூன்று. இடது கட்டைவிரல் தானாகவே அழுத்தத் தொடங்கியது. பத்து. இருபது. மூச்சு சீராகியது. சுற்றியிருந்த முகங்கள் இல்லாமல் போயின. கடுகு, அடுத்த கடுகு, அவ்வளவுதான். வாய்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது.

நாற்பது சொச்சத்தில் யாரோ ஒரு பெண் "ஐயோ, பொறுக்குறா" என்றாள். அது என்னைப் பற்றித்தான் என்று தோன்றவில்லை. எழுபதில் கதவு ஒன்று சாத்தப்பட்டது. பிறகு இன்னொன்று. நூற்றில் நான் நிற்கவில்லை.

நூற்றுப் பதினேழில் ஒரு ஆள் எனக்கு முன்னால் சேற்றில் வந்து விழுந்தார்.

"சர்மி," என்றார் நிரோஷன் மச்சான். இரண்டு கையையும் கூப்பியிருந்தார். "என்னைய ஒண்ணும் செஞ்சிராத சர்மி. நான் ஓட்டோ கூப்பிடத்தான் போனேன். சத்தியமா போனேன். எங்க அக்காதான், இது காத்து சேட்ட, மொதல்ல பூசாரி வந்து தேசிக்கா வெட்டட்டும், அப்புறம் போகலாம்னாங்க. ரத்தம் நிக்கலக்கான்னு நான் சொன்னேன். சொன்னேனா இல்லியா? நீ கேட்டுக்கிட்டுத்தானே படுத்திருந்த?"

"எந்திரிடா," என்றாள் இரத்தினம்மா. அவள் குரல் மாறியிருந்தது. முகம் வெளுத்திருந்தது. "அது கால்ல விழாத. எந்திரி."

ஒன்று ஐந்துக்கும் ஐந்து பத்துக்கும் நடுவில் நடந்தது இதுதான். பூசாரிக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். காத்தை விரட்டத் தேசிக்காய் வெட்டியிருக்கிறார்கள். அக்கா பாயில் கிடந்திருக்கிறாள்.

நான் லோஜினி என்று சொல்லியிருக்கலாம். மூன்று எழுத்து. வாய்வரை வந்தது. நான் பேசி இந்த வாசலில் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது சாத்திய கதவுகளுக்குப் பின்னாலும் எல்லோரும் நான் பேசுவதற்காகக் காத்திருந்தார்கள்.

"எனக்கு ஒரு மணிக்கு ரத்தம் பட்டுச்சு," என்றேன்.

அக்காவின் குரல் எனக்குச் சுலபமாக வரும். சின்ன வயதில் கதவுக்கு வெளியே நின்று அதில் பேசி அப்பாவை ஏமாற்றியிருக்கிறேன்.

"அஞ்சு பத்துக்குத்தான் ஆஸ்பத்திரி. நாலு மணி நேரம் என்னையப் பாயில போட்டு வச்சிருந்தீங்க."

மச்சான் அழுதார்.

"பிள்ளையக் குடு."

அக்கா அவரிடம் ஒருநாளும் 'குடு' என்று சொன்னதில்லை. 'குடுங்க' என்றுதான் சொல்வாள். அதை அவர் கவனிக்கவில்லை.

இரத்தினம்மா கவ்வாத்துக் கத்தியோடு வாசலில் நின்றாள். லதுஷாவைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளியிருந்தாள்.

"குடுக்க மாட்டேன்."

நான் இடது கையை நீட்டினேன்.

"பூசாரியக் கூப்பிட்டது நானு. ஒன்னையக் காக்க வச்சது நானு. இவன் தப்பு ஒண்ணும் இல்ல, பிள்ள தப்பும் இல்ல. வா. வந்து என்னையக் குடி."

சொல்லிவிட்டு அவளே நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்தாள். ஏழு ஆணிகளையும் பின்னால் விட்டுவிட்டு வந்தாள். சேலைத் தலைப்பை விலக்கிக் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டினாள். கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. நான் தினமும் நரம்பு தேடுகிறவள்.

"குடிச்சுட்டுப் போயிரு. பிள்ளைய விட்டுரு. அது என்னா செஞ்சிச்சு ஒனக்கு?"

இவளை வெறுப்பதற்கு என்னிடம் மூன்று மாதமாகக் காரணங்கள் இருந்தன. இப்போது அவை நாலு மணி நேரத்தால் கூடியிருந்தன. ஆனால் அந்த லயத்தில் லதுவுக்காகப் பேயின் முன்னால் கழுத்தை நீட்ட இவள் ஒருத்திதான் இருந்தாள். அந்த நேரத்தில்கூட நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

மச்சான் அவளுக்குப் பின்னால் போனார். லதுஷாவைத் தூக்கினார். ஆணிகளுக்கு மேலாகத் தூக்கிக் கொண்டுவந்து எனக்கு முன்னால் இறக்கிவிட்டுப் பின்வாங்கினார்.

"கூட்டிக்கிட்டுப் போயிரு சர்மி. திரும்பி வராத."

லதுஷா கத்தினாள். அதில் சொல் எதுவும் இல்லை. நான் கையைப் பிடித்ததும் கத்தல் நின்றது. அவள் காலில் மூத்திரம் இறங்கிச் சேற்றில் கலந்தது. தன் பிள்ளையை யாரிடம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு அந்த மனிதர் கொடுத்தார் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

இரத்தினம்மா நிலைப்படியில் முழங்காலிட்டாள். கத்தி நுனியால் புதிய ஆணி ஒன்றை நெம்பினாள். அது சுலபத்தில் வரவில்லை. கத்தியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். விரலில் ரத்தம் வந்தது. எழுந்து வந்து அந்த ஆணியை லதுஷாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"விடாத. தூங்கும்போதும் விடாத. இது கிட்ட வந்தா குத்து."

பிறகு என்னை நேராகப் பார்த்தாள். நான் குனிந்து சப்பாத்தை எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் லதுஷா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். என் பையிலிருந்த துவாயை ஒரு கையாலேயே அவள் காலில் சுற்றினேன். ஆணி இருந்த கையை எனக்கு நேராக நீட்டிப் பிடித்திருந்தாள். என் வலது கை இன்னும் மூடியபடி இருந்ததைக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன். திறந்தேன். வியர்வையில் ஊறிய கடுகு. அவள் அதைப் பார்த்தாள். எனக்கு அதை எங்கே போடுவதென்று தெரியவில்லை. பையின் சின்ன அறைக்குள் தட்டினேன்.

"நான் சித்தி, லது. லோஜி சித்தி."

பஸ் வத்தேகம தாண்டியது. சனம் ஏறி இறங்கியது.

"அம்மான்னு சொன்னியே," என்றாள். ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அது... அங்க சும்மா சொன்னது."

"எத்தன எண்ணுன?"

"நூத்திப் பதினேழு."

"மிச்சம்?"

"அங்கேயே கெடக்கு."

"எண்ணி முடிக்காம எப்பிடி வந்த?"

அவள் ஆணியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

ஸுமைராவின் உம்மா பூடு கட்டிய கயிற்றைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார். "பிள்ளைக்குப் பசிக்கும், மொதல்ல சோறு" என்றார். அவரிடம் லதுஷா சாப்பிட்டாள். என்னிடம் ஒரு வாய் வாங்கவில்லை. சுவரில் இருந்த அக்காவின் படத்தைப் பார்த்ததும் கட்டிலுக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் எழுந்தபோது அறை வாசலில் கடுகு கிடந்தது. உம்மாவின் குசினியிலிருந்து எடுத்திருக்கிறாள். கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் கவுன் போட்டிருந்தாள், நான் அவளுக்கு எடுத்துவைத்த புதியது. பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன. தலையைத் தானே தண்ணீர் தொட்டு வாரியிருந்தாள்.

இந்தத் தடவை எனக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரியும். கடுகை மிதித்துக்கொண்டு நேராக வெளியே போனேன். குனியவில்லை. மாலையில் வந்தபோது உம்மா கூட்டியிருந்தார்.

மறுநாளும் கடுகு. அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் மஞ்சள் கவுன், வாரிய தலை, கையில் ஆணி. ஒவ்வொரு நாளும் நான் மிதித்துப் போனேன். கட்டைவிரல் குறுகுறுக்கும். ஆய்வுகூடத்தில் போய் உட்கார்ந்து நூறு அணு எண்ணிய பிறகுதான் அடங்கும். அவள் பார்க்கட்டும் என்று நினைத்தேன். தினமும் பார்த்தால், நான் எண்ணவில்லை, நான் பேயில்லை என்று ஒருநாள் நம்புவாள். எனக்கு அந்தப் பரிசோதனை பிடித்திருந்தது. முடிவு எப்படி வரும் என்று தெரிந்த பரிசோதனை.

பன்னிரண்டாம் நாள் நான் கடுகில் காலை வைத்தபோது அவள் கட்டிலிலிருந்து இறங்கினாள்.

"ஏன் எண்ண மாட்டேங்குற?"

"நான் சித்தி, லது. பேயில்ல. பேய்தான் எண்ணும்னு அத்த சொன்னாங்கல்ல?"

பக்கத்தில் வந்தாள். இத்தனை நாளில் அவளாக என் பக்கத்தில் வந்தது அதுதான் முதல் தடவை.

"அங்க எண்ணுன."

"ஆமா."

"அங்க அம்மாவா இருந்தியா?"

நான் அவளைப் பார்த்தேன். கவுன், மாறிப் பூட்டிய பொத்தான், நெற்றியில் ஒட்டியிருந்த ஈரத் தலைமுடி. இந்த நாட்களிலெல்லாம் அவள் என்னைச் சோதிக்கவில்லை. தூவினால் அம்மா வருவாள், குனிந்து எண்ணுவாள் என்று காத்திருந்திருக்கிறாள். ஆணியைப் பிடித்துக்கொண்டு, பயந்துகொண்டு, நல்ல கவுனைப் போட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறாள்.

குனிந்து பத்துக் கடுகு எண்ணினால் போதும். என்னால் அந்தக் குரலில் அவள் பெயரைச் சொல்லவும் முடியும்.

"இல்ல, லது. அங்கேயும் நான்தான். பொய் சொன்னேன்."

"அம்மா?"

"அம்மா வரல. அம்மா செத்துட்டாங்க. செத்தவங்க வர மாட்டாங்க, ரத்தம் குடிக்க மாட்டாங்க, எண்ணவும் மாட்டாங்க. ஒன்னையக் கூட்டிட்டு வர்றதுக்கு நான் அம்மா மாதிரிப் பேசினேன்."

அவள் கையை ஓங்கி ஆணியை என் முகத்தில் எறிந்தாள்.

புருவத்துக்கு மேலே பட்டது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவள் ரத்தத்தைப் பார்த்தும் பின்வாங்கவில்லை. ஆணி கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. அது எங்கே போனது என்றும் அவள் பார்க்கவில்லை.

"பொய்க்காரி," என்றாள்.

"ஆமா."

"நான் அத்தகிட்டப் போறேன்."

"ஞாயித்துக்கிழம கூட்டிட்டுப் போறேன். அத்தகிட்டயும் சொல்றேன், நான் பொய் சொன்னேன்னு."

"அத்த ஒன்னைய அடிப்பாங்க."

"அடிக்கட்டும்."

"கவ்வாத்துக் கத்தியால அடிப்பாங்க."

"சரி."

அவள் தரையில் உட்கார்ந்தாள். அம்மா என்றாள். அதன் பிறகு அழத் தொடங்கினாள். உம்மா மேலே வந்து பார்த்துவிட்டு, என் முகத்தைத் துடைக்க ஒரு துணியைத் தந்துவிட்டுக் கீழே போனார். நான் அன்று வேலைக்குப் பிந்தினேன். தொட்டால் தட்டிவிட்டாள். அதனால் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து மூக்கைக் கவுனில் துடைத்தாள்.

"இதக் கூட்டு," என்றாள், வாசலைக் காட்டி.

தும்புத்தடியைக் கொண்டுவந்து கூட்டினேன். எண்ணவில்லை. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கயும் கெடக்கு," என்றாள்.

கதவுக்குப் பின்னாலும் கூட்டினேன்.